பூர்வகுடிகள் இல்லாத தீவு

ஒரு தேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆதிக்குடிகளைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். இன்ன மலையடிவாரத்தில் இன்ன குலத்தார் வாழ்ந்தார்கள், இன்ன நதிக்கரையில் இன்ன பாஷை வழங்கிற்று, பின்னர் அயலார் வந்தார்கள், போர் மூண்டது, உறவும் பகையும் மாறி மாறி வளர்ந்தன என்று அந்தக் கதை நீளும். அவ்விதம் தொடங்க இயலாத தேசம் ஒன்று இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது. இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள மொரீஷியஸ் தீவை அராபிய மாலுமிகளும் போர்த்துகீசியரும் முன்பே அறிந்திருந்தபோதிலும், ஐரோப்பியக் குடியேற்றம் நிகழும்வரை அங்கே மனிதர் எவரும் நிலையாக வாழ்ந்ததில்லை. இன்று அத்தீவில் வாழும் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒவ்வொருவருடைய முன்னோரும் கப்பலில் வந்து இறங்கியவர்களே: சிலர் நிலப்பட்டயத்தோடு வந்தார்கள், சிலர் விலங்கு பூட்டப்பட்டு வந்தார்கள், சிலர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள், சிலர் வியாபாரச் சரக்கோடு வந்தார்கள்.

அப்படிப்பட்ட நாட்டில் தேசாபிமானம் எதைப் பற்றுக்கோடாகக் கொண்டு நிற்பது? வமிசமும் பாஷையும் மதமும் தரும் உரிமை எங்கே முடிந்து, பிரஜை என்ற ஒரே நிலை எங்கே தொடங்குவது? அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலான குடியேற்ற நாடுகளிலும் இக்கேள்வி எழாமலில்லை. ஆனால் அங்கெல்லாம் ஆதிக்குடிகளின் நிலத்தைப் பறித்த கதையும் அதனோடு பின்னிக் கிடப்பதால், கேள்வி தனித்து நிற்பதில்லை. மொரீஷியஸிலோ முந்தி வந்தவர், பிந்தி வந்தவர், வலிய வந்தவர், வலிந்து கொண்டுவரப்பட்டவர் என்ற வேற்றுமைகள் மட்டுமே உண்டு. இன மரபும் தேசிய உணர்வும் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோருக்கு அத்தீவின் சரித்திரம் ஆதரவு தரவில்லை. மக்கள் தத்தம் மரபைக் கைப்பற்றிக்கொண்டு பொதுவாழ்வுக்குள் நுழைந்த காலங்களில் அத்தேசம் வளர்ந்தது. அரசு அதே மரபைக் கொண்டு அவர்களை எண்ணி வகுத்துப் பங்கிட்ட காலங்களில் அது தளர்ந்தது. இவ்வுண்மையை நிகழ்ச்சிகளைக் கொண்டே விளக்க முயல்வோம்.

1598ஆம் ஆண்டில் அங்கே கரையேறிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்கு இட்டார்கள். 1638இல் குடியேறி, ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்து, கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்து, பறக்கத் தெரியாத டோடோ பறவை அழிந்துபோகக் காரணமாகி, கடைசியில் 1710இல் தீவையே கைவிட்டுப் போனார்கள். அவர்களுடைய காலத்தின் எச்சங்களுள் முக்கியமானது கரும்புதான். அத்தீவுக்கு யார் யார் வரவேண்டும் என்பதைப் பிற்காலத்தில் தீர்மானித்ததும் அந்தக் கரும்புதான்.

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, பிரான்ஸின் தீவு என்ற பொருள்பட அதற்குப் பெயர் மாற்றினார்கள். 1735இல் கவர்னராக வந்த மாஹே த லாபூர்தொன்னே என்பவர், போர்ட் லூயியைத் துறைமுகமாகவும் தலைநகராகவும் உருவாக்கினார். கோட்டையும் பண்டகசாலையும் ஆஸ்பத்திரியும் எழுப்பக் கைதேர்ந்த தொழிலாளர் வேண்டியிருந்தது. அவர்கள் புதுச்சேரியிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். கொத்தர்களும் தச்சர்களும் கொல்லர்களுமாக அவ்விதம் போய்ச் சேர்ந்தவர்களில் தமிழர் பலர். நகரின் கிழக்குப் புறத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி மலபார் முகாம் என்று வழங்கலாயிற்று. 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த அதே லாபூர்தொன்னேயைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் எவ்வளவோ செய்திகள் உள்ளன. ஆகவே, சோழமண்டலக் கரைக்கும் அத்தீவுக்கும் உள்ள பந்தம் கரும்புத் தோட்டக் கூலிகளோடு தொடங்கியதன்று, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது.

ஆனால் அந்நகரத்தைக் கட்டிய கைகளில் பெரும்பாலானவை சுதந்திரமான கைகள் அல்ல. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் ஆயிரமாயிரமாக அடிமைகள் இறக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்தும் சிலர் அடிமைகளாகவே கொண்டுசெல்லப்பட்டார்கள். 1723இல் அத்தீவுகளுக்கு என்று பிறப்பிக்கப்பட்ட அடிமைச் சட்டம் அவர்களை அசையும் சொத்தாகக் கருதியது. ஞானஸ்நானம் செய்வித்து வேறு பெயர் சூட்டியது. வெவ்வேறு பாஷை பேசிய அவர்கள் எஜமானர்களோடும் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தத்தில், பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு தாங்களே ஒரு புதிய மொழியைச் சமைத்துக்கொண்டார்கள். கிரியோல் என்னும் அம்மொழியை அப்போது எவரும் மொழியென்று மதிக்கவில்லை. ஊரும் பேரும் குலதெய்வமும் பறிக்கப்பட்ட ஜனங்கள் தங்கள் கையிலிருந்து உண்டாக்கிய அந்தப் பேச்சுதான் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு தீவு முழுவதுக்கும் பொதுமொழியாகப் போகிறது என்று அன்று யார்தான் எண்ணியிருக்க முடியும்!

1810ஆம் வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷார் தீவைக் கைப்பற்றினார்கள். சரணாகதி உடன்படிக்கையில், குடியிருப்போர் தங்கள் மதத்தையும் சட்டங்களையும் வழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1814இல் பாரிஸ் உடன்படிக்கை அந்த ஆட்சியை உறுதிப்படுத்திய பின்னரும் பிரெஞ்சு முதலாளிமார் தம் தோட்டங்களிலும் மாளிகைகளிலும் முன்போலவே இருந்தார்கள். ராஜாங்கத்தின் பாஷை ஆங்கிலம், சமூகத்தின் பாஷை பிரெஞ்சு, சாமானியரின் பாஷை கிரியோல் என்ற அடுக்கு அப்போதே அமைந்துவிட்டது. வென்றவர் தம்மிடம் தோற்ற வெள்ளையரின் மரபைக் காப்பாற்ற எழுத்துமூலம் வாக்களித்தார். அந்தத் தோட்டங்களில் உழைத்த கறுப்பரின் மரபைப் பற்றி அவ்வுடன்படிக்கையில் யாதொரு பேச்சும் இல்லை. எந்த மரபு காக்கத்தக்கது என்பதை அதிகாரமே நிர்ணயித்தது என்பதற்கு அத்தீவில் இதுவே முதற் சான்று.

1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் பொக்கிஷம் இருபது லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு தந்தது. அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று, அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. மேலும் நாலாண்டுகள் பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் அவர்களைக் கட்டிவைத்தார்கள். அது தீர்ந்த 1839இல் அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை வெறுத்து வெளியேறி, கடற்கரையோரங்களிலும் நகர எல்லைகளிலும் குடிசை போட்டுக்கொண்டு மீன்பிடித்தும் கைத்தொழில் செய்தும் பிழைக்கலானார்கள். கையில் பணமில்லை, காணி இல்லை, வந்த ஊரின் பெயர் தெரியவில்லை. அந்நிலையில் சுதந்திரம் பெற்றவர்களின் சந்ததியாரே இன்றைய கிரியோல் மக்களில் பெரும்பகுதியினர்.

அவர்கள் விட்ட மண்வெட்டியை எடுக்கத்தான் இந்தியர் வந்தார்கள். 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளை வைத்துக் கரும்பு விளைவிக்க முடியுமா என்று பார்க்க நடத்திய அந்தப் பரீட்சை முதலாளிகளுக்கு எவ்வளவு அனுகூலமாக முடிந்தது என்றால், பிற்பாடு டிரினிடாடுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் அதே முறை பரவிற்று. கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து 1910 வரையில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் போர்ட் லூயி கரையில் இருந்த குடியேற்றக் கிடங்கின் கல்படிகளை ஏறிப் போனார்கள். அந்த இடமே இன்று ஆப்ரவாசி காட் என்ற பெயரில், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கிறது.

ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய்ச் சம்பளம், அரிசியும் பருப்பும் எண்ணெயும் உப்புமாகப் படி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் இரட்டை வெட்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். முனியனும் முருகனும் ஆறுமுகமும் வீராசாமியும் அவ்வாறு புதிய எழுத்துக்கூட்டலைப் பெற்றார்கள். தகப்பனுடைய பெயர் மகனுக்கும் பேரனுக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. 1867ஆம் வருஷத்துச் சட்டமோ, ஒப்பந்தம் முடிந்தவர்கூடப் புகைப்படம் ஒட்டிய சீட்டைச் சதா கையில் வைத்திருக்க வேண்டும், ஜில்லா விட்டு ஜில்லா போகப் போலீஸ் அனுமதி வேண்டும் என்றது. மீறியவர் ஊர்சுற்றி என்ற குற்றத்தின் கீழ்ச் சிறைப்பட்டார். 1871இல் அடால்ஃப் த பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர் மனமிரங்கி, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய குடியேறிகளின் கையொப்பத்தோடு ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்ததும், அதன் விளைவாக 1872இல் அரச விசாரணைக் குழு அமைந்ததும், கொடுமைகள் ஓரளவு குறைந்ததும் அத்தீவின் சரித்திரத்தில் நன்றியோடு நினைக்கப்படுவன.

1861ஆம் வருஷத்துக் குடிக்கணக்கிலேயே ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராகிவிட்டார்கள். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரை விலை சரிந்து, தோட்ட முதலாளிகள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்க முன்வந்தபோது, காசுக்குக் காசு சேர்த்து வைத்திருந்த கூலிகள் அதை வாங்கி விவசாயிகளானார்கள். போஜ்புரி பேசிய வடநாட்டார் ஊர்தோறும் மாலைக் கூட்டங்கூடி எழுத்தும் பாட்டும் பயின்றார்கள். தமிழரும் தெலுங்கரும் தோட்டத்து ஓரத்தில் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பினார்கள். கான்டன் பகுதியிலிருந்தும் ஹக்கா ஊர்களிலிருந்தும் வந்த சீனர், கிராமத்துக்கு ஒரு கடை வைத்து, அறுவடை மாதம்வரையில் எல்லாருக்கும் கடன் கொடுத்துத் தாங்கினார்கள். தைப்பூசக் காவடிக்கு வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் வழக்கமும், முருங்கைக்கீரையும் ரசமும் எல்லா இனத்தார் அடுக்களைக்கும் போய்ச் சேர்ந்ததும் இக்காலத்தின் விளைவுகளே. மரபைப் பேணியதால் அந்த ஜனங்கள் தீவுக்கு அந்நியராகிவிடவில்லை. எண்ணாகவும் சீட்டாகவும் தங்களைக் குறுக்கிவிட்ட ஒரு நிர்வாகத்தின் முன் மனிதராக நிமிர்ந்து நிற்க அதுவே அவர்களுக்கு ஊன்றுகோலாயிற்று.

ஆயினும் ராஜ்ய விவகாரத்தில் அவர்களுக்கு இடமில்லை. 1885ஆம் வருஷத்து அரசியல் சட்டம் சொத்துள்ள சிலருக்கு மட்டுமே வாக்குரிமை அளித்தது. இந்தியர் இருவர் முதன்முதலாகச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1926இல்தான். 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் சில வாரம் அங்கே தங்கிய காந்தியடிகள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பொது விவகாரங்களில் பங்கு கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். 1907இல் மணிலால் டாக்டர் என்ற வழக்கறிஞர் வந்து கூலிகளுக்காக வாதாடினார். 1936இல் மோரிஸ் கூரே தொழிற்கட்சியைத் தோற்றுவித்தபோது, கிரியோல் துறைமுகத் தொழிலாளியும் இந்தியக் கரும்புத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ்த் திரண்டார்கள். மறு வருஷம் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1943 செப்டம்பர் 27ஆம் தேதி பெல்வூ அரெல் என்ற தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுக் கூடிய தொழிலாளர்மீது போலீஸார் துப்பாக்கியால் சுட்டனர். இறந்தவர்களில் ஒருத்தி அஞ்சலை குப்பன், கர்ப்பிணி. அவள் பெயரைத் தாங்கி அந்த ஊரில் இன்று ஒரு விளையாட்டரங்கம் நிற்கிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவளை இன்று தீவு முழுவதுமே தன்னுடையவளாகக் கொண்டாடுகிறது. எந்த இனத்தாரும் அதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

இங்கே நாம் நிதானித்துப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சி 1948ஆம் வருஷத்துத் தேர்தல். அதற்கு முன் வருஷம் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், சொத்து இல்லாவிட்டாலும் தீவில் வழங்கும் பாஷைகளுள் ஏதேனும் ஒன்றில் எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்க்கு வாக்குரிமை உண்டு என்றது. அப்பாஷைகளுள் தமிழும் இந்துஸ்தானியும் தெலுங்கும் உருதுவும் குஜராத்தியும் சீனமும் அடங்கின. வாசுதேவ விஷ்ணுதயாள் என்ற பெரியவரும் அவருடைய தொண்டர்களும், தாம் நடத்திய ஜன இயக்கத்தின் மூலம் ஊர் ஊராகச் சென்று, பகலெல்லாம் கரும்பு வெட்டிய ஆண்களையும் பெண்களையும் மாலையில் உட்காரவைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்துக் கையொப்பமிடப் பழக்கினார்கள். பன்னிரண்டாயிரத்தை ஒட்டியிருந்த வாக்காளர் தொகை எழுபதினாயிரத்தைத் தாண்டிற்று. பாட்டன் பாட்டி பேசிய பாஷை, கோயில் திண்ணையிலும் குடிசை வாசலிலும் கற்ற பாஷை, அவர்களைச் சட்டசபையின் வாயில்வரை கொண்டுவந்து விட்டது. மரபைத் துறந்தால்தான் பிரஜையாகலாம் என்று உபதேசிப்போர் இந்தத் தேர்தலை ஒருமுறை சிந்தித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அங்கே மரபே குடியுரிமைக்குக் கதவு திறந்தது. அக்கதவின் வழியே வந்தவர்கள் தங்கள் சாதிக்கு என்று ஒரு நாட்டைக் கேட்கவில்லை, அந்தத் தீவின் ஆட்சியில் தங்கள் பொறுப்பைக் கேட்டார்கள்.

1959இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. சுதந்திரம் நெருங்க நெருங்க, வேறொரு அச்சமும் வளர்ந்தது. தொகையில் மிகுந்த இந்துக்களின் ஆட்சியில் தங்கள் கதி என்னாகுமோ என்று கிரியோல் மக்களும் பிரெஞ்சு வமிசத்தாரும் சீனரும், முஸ்லிம்களிலும் தமிழரிலும் ஒரு பகுதியாரும் கலங்கினார்கள். 1967 ஆகஸ்டு 7ஆம் தேதித் தேர்தலில் சிவசாகர் ராம்கூலாம் தலைமையில் சுதந்திரம் கோரிய கூட்டணி வென்றது. எனினும் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் கேய்டான் டூவாலின் கட்சிக்கு, அதாவது சுதந்திரத்துக்கு எதிராக, வாக்களித்திருந்தார்கள். 1968 ஜனவரியில் போர்ட் லூயியின் ஏழைப் பேட்டைகளில் கிரியோல்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அமைதி காக்கப் பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மார்ச் 12ஆம் தேதி சுதந்திரக் கொடி ஏறியபோது, ஆனந்தத்தோடு பார்த்தவர்களும் உண்டு, ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணப்பட மூட்டை கட்டியவர்களும் உண்டு.

இவ்வச்சத்தைத் தணிக்கவே அரசியல் சட்டத்தில் ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர் என்று மூன்று சமூகங்களைச் சட்டம் பெயர் சொல்லிக் குறித்தது. வாழ்க்கை முறையால் இம்மூன்றிலும் சேராதவர் அனைவரும் பொது ஜனங்கள் என்ற நான்காவது சமூகமாகக் கருதப்படுவர் என்றது. தேர்ந்தெடுக்கப்படும் 62 உறுப்பினருக்கு மேல் எட்டு இடங்கள் வைத்து, தோற்றவர்களுள் அதிக வாக்குப் பெற்றவர்களைக் கொண்டு, எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைந்ததோ அதற்கு நிரப்புவது என்று முடிவாயிற்று. வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சமூகம் எது என்று மனுவில் எழுதவேண்டும். சிறுபான்மையினரின் பயம் மெய்யானது. அதற்கு மரியாதை செலுத்திய இந்த ஏற்பாட்டைப் பழிப்பது நியாயமன்று. 1968இன் இரத்தம் உலராத வேளையில், யாரும் சபைக்கு வெளியே தள்ளப்படமாட்டார்கள் என்ற உறுதியை அது தந்தது. ஆனால் அவ்வுறுதிக்கு நாடு கொடுத்த விலையையும் கணக்கிட வேண்டும்.

முதலாவதாக, அந்த நான்காவது சமூகத்தைப் பார்ப்போம். அடிமைகளை வைத்திருந்த பிரெஞ்சு முதலாளிகளின் சந்ததியாரும், அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியாரும் அதில் ஒரே பெயரின் கீழ் அடைக்கப்பட்டார்கள். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சீனருக்கும் மரபு உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம், ஆப்பிரிக்காவிலிருந்து பறித்து வரப்பட்டவர்களை எஞ்சியவர்கள் என்ற கணக்கில் சேர்த்தது. அவர்களுக்கு மரபே இல்லை என்று சொல்லாமற் சொன்ன இக்காரியம், பழைய அடிமைச் சட்டத்தின் அநீதியைச் சுதந்திர நாட்டின் சாசனத்துக்குள்ளும் தொடரச் செய்தது. இரண்டாவதாக, இந்து என்ற பெயருக்குள் தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் அடக்கப்பட்டார்கள். அதனால் தங்கள் தனித்தன்மை கரைந்துவிடுமோ என்று அஞ்சிய தமிழர் பலர், குடிக்கணக்கில் மதம் என்ற இடத்திலேயே தமிழ் என்று எழுதும் வழக்கம் உண்டாயிற்று. இத்தனைக்கும் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியாக 1992இல் பதவியேற்றவர் சர் வீராசாமி ரிங்காடு என்ற தமிழர்தாம். உயர்ந்த பதவி கிடைத்த பின்னும் எண்ணப்படாமல் போய்விடுவோமோ என்ற கலக்கம் தீரவில்லை என்றால், எண்ணுகிற முறையே அக்கலக்கத்தை வளர்க்கிறது என்பது தெளிவு.

ஒரே மக்கள், ஒரே தேசம் என்ற கோஷத்தோடு 1982ஆம் வருஷத்துத் தேர்தலில் எதிரணியார் மொரீஷியஸ் தீவின் அறுபது இடங்களையும் கைப்பற்றியபோது, அப்பழைய வகுப்புகள் இனி மறைந்துவிடும் என்று இளைஞர் நம்பினார்கள். குடிக்கணக்கில் சமூகத்தைக் கேட்கும் வழக்கம் கைவிடப்பட்டது. 1972ஆம் வருஷத்துக் கணக்கே அவ்வகையில் கடைசி. ஆனால் 1983ஆம் வருஷச் சுதந்திர தினத்தன்று தேசிய கீதம் கிரியோல் மொழியில் தொலைக்காட்சியில் ஒலித்ததும், பெருங்கிளர்ச்சி எழுந்தது. முன்னோர் பாஷைகளை ஒழிக்கச் சூழ்ச்சி நடக்கிறது என்று பலர் சந்தேகித்தனர். வேறு காரணங்களும் சேர, சில நாட்களில் அமைச்சரவையே உடைந்தது. பொதுமொழியைப் பிறர் மரபின்மீது படையெடுப்பாக ஜனங்கள் கண்ட காலம் அது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நோட்டு விவகாரம் வந்தது. 1998இல் மொரீஷியஸ் வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதன்பின் இந்தியும் இருந்த பழைய வரிசை மாறி, இந்திக்குக் கீழே தமிழ் அச்சாகியிருந்தது. லாபூர்தொன்னே காலத்திலேயே வந்து நகரத்தைக் கட்டியவர்கள் நாங்கள் என்று தமிழர் கிளர்ந்தெழுந்தனர். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த வருஷம் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சாயின. தம் பாஷைக்கு நேர்ந்த குறையைப் பொறுக்க மாட்டாமல் எழுந்த அந்தத் தமிழரின் உணர்ச்சியைத் தமிழ் படிக்கும் நாம் அலட்சியமாகப் பேசலாகாது. எனினும் ஒன்றை யோசிக்க வேண்டும்: முந்தி வந்தவர்க்கு முந்தின இடம் என்பது நியாயமானால், அக்கொத்தர்களோடு கல்லும் மண்ணும் சுமந்த ஆப்பிரிக்க அடிமைகளின் மொழிக்கு அந்நோட்டில் எந்த இடம் உண்டு? அதற்கு இடமே கேட்கப்படவில்லை. வரிசையில் யார் முன் யார் பின் என்று பார்க்கத் தொடங்கினால், வரிசையிலேயே நிற்காதவர் கண்ணுக்குத் தெரியாமல் போவது இயற்கை.

அவர்களுடைய வேதனை நெடுநாள் அடங்கிக் கிடந்தது. 1993இல் ரோஜர் செர்வோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார், கிரியோல் மக்களின் துயரம் என்று அதை வெளிப்படையாகப் பேசினார். கல்வியிலும் உத்தியோகத்திலும் நிலவுடைமையிலும் அவர்கள் பின்தள்ளப்பட்டதை எடுத்துக் காட்டினார். 1999 பிப்ரவரியில் காயா என்ற புகழ்பெற்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்துபோனார். தீவு கொந்தளித்தது, சாலைகள் அடைபட்டன, கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அப்போது ஜனாதிபதியாக இருந்த காஸம் உத்தீம் என்ற முஸ்லிம் பெரியவர் கலவரப் பகுதிகளுக்கு நேரில் சென்று, ஜனங்களோடு பேசிச் சாந்தப்படுத்தினார். சட்டம் எழுதிவைத்த சமூகக் கணக்கு எதுவும் அந்நாளில் தீயை அணைக்கவில்லை. ஒரு சமூகத்தின் துக்கத்தை வேறொரு சமூகத்தவர் தம் துக்கமாக ஏற்றுச் சென்றதே அணைத்தது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்நாடு சில நல்ல காரியங்களைச் செய்தது. அடிமைத்தனம் ஒழிந்த பிப்ரவரி 1ஆம் தேதியும், ஒப்பந்தக் கூலிகள் வந்த நவம்பர் 2ஆம் தேதியும் இன்று தேசிய விடுமுறை நாட்கள். ஒப்பந்தக் கூலிகளின் படித்துறைக்கு இணையாக, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அடிமை முறையும் ஒப்பந்த முறையும் விட்டுச்சென்ற விளைவுகளை ஆராய அமைந்த உண்மை மற்றும் நீதிக் குழு 2011இல் தன் அறிக்கையைத் தந்தது. தெலுங்கு வமிசத்தில் பிறந்த தேவ் விராஸாமி என்ற எழுத்தாளர், ஷேக்ஸ்பியரையும் கிரியோலில் பேசவைத்து, அம்மொழிக்காக ஆயுள் முழுவதும் உழைத்தார். 2012 முதல் ஆரம்பப் பள்ளிகளில் தமிழ், இந்தி, உருது முதலியவற்றோடு கிரியோலும் ஒரு விருப்பப் பாடமாயிற்று. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசும் மொழி, வெகு காலத்துக்குப் பின் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது. 1983இல் எந்த மொழியைக் கண்டு அஞ்சினார்களோ அதை 2012இல் அண்டை வீட்டாரைப் போல ஏற்றார்கள். பிற பாஷைகளைத் தள்ளாமல் அவற்றின் பக்கத்தில் கிரியோல் வந்து உட்கார்ந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

ஆனால் சட்டத்தின் சமூகக் கணக்கு மட்டும் மாறவில்லை. கணக்கெடுப்பில் கேட்பதை நிறுத்திவிட்டபடியால், சமூகங்களுக்கு உரிய இடங்களை இன்றும் 1972ஆம் வருஷத்துத் தொகையைக் கொண்டே நிர்ணயிக்கிறார்கள். தம் சமூகத்தை எழுத மறுத்த வேட்பாளர் சிலர், தங்கள் மனு நிராகரிக்கப்பட்டதை எதிர்த்து ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை சென்றார்கள். புதிய கணக்கு இல்லாமல் கட்டாயமாகச் சமூகம் கேட்பது அவர்களுடைய உரிமையை மீறுவதாகும் என்று 2012இல் அக்குழு அபிப்பிராயம் சொல்லிற்று. 2014ஆம் வருஷத்துத் தேர்தலுக்கு மட்டும் எழுதாமல் விடலாம் என்று ஒரு தற்காலிகத் திருத்தம் வந்து, அதோடு நின்றுபோயிற்று. சிறுபான்மையினரைக் காக்க வேறு வழியே இல்லை என்பதும் சரியன்று. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையில் அமைந்த குழு 2002ஆம் ஆண்டிலேயே, கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்பச் சில இடங்களை நிரப்பலாம் என்று யோசனை கூறியிருக்கிறது. சமூகத்தின் பெயரைக் கேட்காமலே எல்லாச் சமூகத்தாரையும் சபைக்குக் கொண்டுவரும் மார்க்கம் அது.

குடியேறியவர்களின் நாடு ஒவ்வொன்றுக்கும் இதில் பாடம் உண்டு. மரபை மறக்கச் சொல்லும் தேசியம் ஜனங்களின் நெஞ்சில் வேர் பிடிக்காது. 1948இல் தமிழிலும் இந்துஸ்தானியிலும் கையொப்பமிட்டு வந்த கூலிகளை நினைத்தால் இது விளங்கும். மரபைப் பங்கீட்டுக்கு அளவுகோலாக்கும் ராஜாங்கமோ, அண்டை வீட்டாரைப் போட்டியாளராக்கிவிடும். நோட்டின் வரிசைக்கு நடந்த சண்டையில் இது விளங்கும். பாஷையைக் கற்பிப்பதும், கோயிலையும் மசூதியையும் மாதா கோயிலையும் காப்பதும், அடிமையின் கண்ணீரையும் கூலியின் வியர்வையையும் ஒரே சரித்திரமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அரசின் கடமை. நீ எந்த வகுப்பு என்று கேட்டு ஓர் இடத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் அக்கடமையைச் சேர்ந்தவையல்ல.

1972ஆம் வருஷத்துக்குப் பின் பிறந்து, எந்தச் சமூகக் கணக்கிலும் எண்ணப்படாதவர்களே இன்று மொரீஷியஸ் மக்களில் பெரும்பான்மையோர். அவர்களிற் பலர் கலப்பு மணத்தில் பிறந்தவர்கள்; வீட்டில் கிரியோல் பேசி, கோயிலில் தமிழோ மாதா கோயிலில் பிரெஞ்சோ கேட்டு, பள்ளியில் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறவர்கள். இவர்களை நான்கு பெயர்களுக்குள் அடக்கிவிடலாம் என்று இவர்கள் பிறக்குமுன் எழுதிய சட்டத்தை இவர்களுடைய பிரதிநிதிகளே திருத்த வேண்டும். அதைச் செய்து முடித்தால், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவனோ பிப்ரவரி முதல் நாளில் லெ மோர்ன் மலையடிவாரத்தில் கூடுகிறவனோ தன் மரபில் ஒரு துளியும் இழக்கமாட்டான். தேர்தல் மனுவில் மட்டும் இருவரும் ஒரே பெயரை, மொரீஷியர் என்ற பெயரை, எழுதுவார்கள்.